வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு ஒரு பயிற்சித் திட்டம்: துணை நிற்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

'பயிற்றுநர்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு திட்டம் நான்கு மாதம் இழுபட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூன்று நாட்டு நிறுவனங்கள். பயிற்றுநர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மனதில் இருந்தது, பட்டறையில் கூடவே நின்று பழகுநருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் கைத்தொழிலாளி. இன்னொருவர் நினைத்தது தொழிற்பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியர். மூன்றாமவருக்கு அது, வாரம் ஒரு மாலை வந்து எழுத்தறிவு சொல்லித்தரும் தன்னார்வலர். பட்டறைக்காரரை முதலாளி ஐந்து நாள் விடமாட்டார். ஆசிரியருக்குப் பள்ளி நடக்கும்போது விடுப்பு கிடையாது. தன்னார்வலருக்குப் பகலில் வேறு வேலை. பயிற்சிக்குத் தேதி குறிக்க உட்கார்ந்த அன்றுதான் இது வெளியே வந்தது. அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணைப் பணமும் வந்துவிட்டிருந்தது.

இப்படிப்பட்ட திட்டங்களில் துணை வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கல்வி மையத்திலோ சங்கத்திலோ தொழிற்பள்ளியிலோ சேர்ந்திருப்பீர்கள். "வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒரு திட்டம் போடுகிறோம், நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பாளர் சொல்லியிருப்பார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். படிவம், கணக்கு, பயணச்சீட்டு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த வேலையின் உயிர்நாடி என்று நான் நினைப்பது ஒன்றுதான்: வெவ்வேறு முறையில் வேலை செய்து பழகியவர்கள் ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் கொள்கிறார்களா என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது.

உதாரணங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன். வயது வந்தோர் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் நாடு கடந்த கூட்டுத் திட்டம் என்றால் ஐரோப்பாவில் பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான்.

முதலில்: எந்தக் கதவைத் தட்டுவது

எராஸ்மஸ் என்றதும் பல்கலைக்கழக மாணவர் பரிமாற்றம்தான் நினைவுக்கு வரும். 1987இல் அது அப்படித்தான் தொடங்கியது. தொழிற்பயிற்சிக்கு 1995 முதல் லியொனார்டோ டா வின்சி என்ற தனித் திட்டம் இருந்தது. வயது வந்தோர் கல்விக்கு 2000 முதல் குருண்ட்விக் என்ற பெயரில் ஒரு பிரிவு. குருண்ட்விக் 19ஆம் நூற்றாண்டு டென்மார்க்கின் போதகர், கவிஞர். பெரியவர்கள் ஒன்றாகத் தங்கிக் கற்கும் மக்கள் உயர்பள்ளி அவருடைய எண்ணத்தில் பிறந்தது. முதல் பள்ளி 1844இல் ரோடிங்கில் திறந்தது. 2014இல் எல்லாம் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. இப்போது நடக்கும் சுற்று 2021 முதல் 2027 வரை. மொத்த ஒதுக்கீடு சுமார் 2,620 கோடி யூரோ.

கூட்டுத் திட்டங்களில் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு வகை. சிறு கூட்டுத் திட்டத்துக்கு 2 நாடுகளிலிருந்து 2 நிறுவனங்கள் இருந்தால் போதும். காலம் 6 முதல் 24 மாதம். மானியம் 30,000 அல்லது 60,000 யூரோ. அடுத்தது ஒத்துழைப்புக் கூட்டுத் திட்டம். அதற்குக் குறைந்தது 3 நாடுகளிலிருந்து 3 நிறுவனங்கள் வேண்டும். காலம் 12 முதல் 36 மாதம். மானியம் 1,20,000, 2,50,000, 4,00,000 யூரோ என மூன்று படிகள். நாடுகள் என்று இங்கே சொல்வது ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளையும், நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன், துருக்கி, செர்பியா, வட மாசிடோனியா ஆகிய ஆறையும். இதற்கு வெளியே உள்ள ஒரு நாட்டு நிறுவனத்தைச் சேர்க்க ஆசைப்பட்டால், பெரிய வகையில் மட்டும், அதுவும் அவர்கள் இல்லாமல் நடக்காத ஒரு காரியம் இருக்கிறது என்று காட்டினால்தான் இடம் உண்டு. விண்ணப்பிக்கும் நிறுவனமாக அவர்கள் இருக்க முடியாது.

முதல் தடவை என்றால் 30,000 யூரோவில் தொடங்குங்கள் என்பேன். தொகை சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கி முடிப்பது எப்படி இருக்கும் என்பதை அதில் கற்கலாம், தப்பு செய்தாலும் அமைப்பே ஆட்டம் காணாது. 4,00,000 யூரோவில் முதல் பாடம் படிக்கப் போன சிறிய சங்கங்கள் மூச்சுத் திணறியதைக் கண்டிருக்கிறேன்.

அப்புறம் துறை. விண்ணப்பம் ஏதாவது ஒரு துறையின் கீழ்தான் போகும்: வயது வந்தோர் கல்வியா, தொழிற்பயிற்சியா? இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி, எல்லைச் சுவர் எங்கே என்று குழப்பம் வரும். கிடங்கில் வேலை செய்யும் ஒருவருக்குப் படிக்க எழுதச் சொல்லித்தந்தால் அது வயது வந்தோர் கல்வி. அதே ஆளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தகுதி வாங்கித் தந்தால் தொழிற்பயிற்சி, அவருக்கு ஐம்பது வயதானாலும் சரி. திட்டத்தின் பலன் யாரிடம் போய்ச் சேரப்போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழில் 'முதியோர் கல்வி' என்று சொல்லிப் பழகியதால் சிலர் இதை மூத்த குடிமக்களுக்கானது என்று எண்ணிவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் பள்ளியைத் தொட்டுப் பார்க்க வரும் ஒரு தாயும் இதில்தான் வருவார். அதனால் வயது வந்தோர் கல்வி என்றே சொல்வது நல்லது.

விண்ணப்பத்தை வாங்குவது அந்தந்த நாட்டின் தேசிய முகமை. ஒருங்கிணைக்கும் நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு முகமைக்கு அனுப்ப வேண்டும். சில நாடுகளில் துறைக்கு ஒரு முகமை உண்டு. ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கும் வயது வந்தோர் கல்விக்கும் பான் நகரில் உள்ள பிபிபி என்ற கூட்டாட்சித் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் முகமை; பள்ளிகளுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு, இளைஞர் வேலைக்கு வேறு வேறு. முகமைக்கு ஃபோன் செய்யக் கூச்சப்படாதீர்கள். ஆலோசனை சொல்வதும் அவர்கள் வேலை. ஒரு பக்கத்தில் எண்ணத்தை எழுதி அனுப்பி, "இது எங்கள் துறையில் வருமா, எந்த வகைக்குப் பொருந்தும்?" என்று கேட்டால், இரண்டு வாரம் நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது மிச்சம்.

விதிகள் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மாறும். அந்த ஆண்டின் எராஸ்மஸ் பிளஸ் வழிகாட்டியை, அதாவது விதிகள் எல்லாம் இருக்கும் புத்தகத்தைத் திறந்து, உங்கள் வகைக்கான பக்கங்களை மட்டும் அச்செடுத்து மேசையில் வையுங்கள். போன ஆண்டு வழிகாட்டியை நம்பி யாரும் எதையும் சொல்ல விடாதீர்கள்.

இரண்டாவது: தேவையை ஒருவரின் நாளாக எழுதுங்கள்

புதிய ஆட்கள் பெரும்பாலும் எராஸ்மஸ் பிளஸ்ஸின் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அனைவரையும் உள்ளடக்குதல், டிஜிட்டல் மாற்றம், சுற்றுச்சூழலும் பருவநிலையும், ஜனநாயக வாழ்வில் பங்கேற்பு என்று நான்கு பொது முன்னுரிமைகள் உண்டு. துறைக்கென்று தனியாகவும் உண்டு. ஏதாவது ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் எழுத்து வெறும் சொல்லாகப் போய்விடும்.

நான் செய்வது இது. உங்கள் மையத்துக்கு வரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். கிடங்கில் வேலை செய்யும் 43 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். காலை ஷிஃப்ட் 6 மணிக்கு. கையில் ஸ்கேனர், அதில் வரும் எண்களைப் படித்துவிடுவார், நீளமான வாக்கியம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். பாதுகாப்பு விதிகள் மாறும்போது ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். படிக்காமல் போடுவார். மாலை வகுப்புக்கு வர ஆசைதான், பிள்ளையை யாரிடம் விடுவது? இதை எழுதியதும் கேள்வி தன்னால் கூர்மையாகும்: வகுப்பை வேலையிடத்துக்கே கொண்டுபோக முடியுமா? பாதுகாப்புத் தாளையே பாடப் புத்தகமாக ஆக்கலாமா? இதை வேறு நாட்டில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? அந்தக் கடைசிக் கேள்வி வந்த இடத்தில்தான் வெளிநாட்டுக் கூட்டாளி தேவைப்படுகிறார். வரவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது உள்ளூர்த் திட்டம். அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம்.

புள்ளிவிவரம் இதற்குப் பின்னால் வரட்டும். 2030க்குள் ஆண்டுதோறும் பெரியவர்களில் 60 சதவீதம் பேராவது ஏதாவது ஒரு பயிற்சியில் பங்கேற்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் இலக்கு. பெரியவர்களின் வாசிப்பு, கணக்குத் திறனை ஓஈசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நாடுவாரியாக அளக்கிறது. அந்த ஆய்வின் பெயர் பியாக். உங்கள் நாட்டு எண்ணை அங்கிருந்து எடுங்கள். மதிப்பிடுபவர் நம்புவது எண்ணும் அந்தப் பெண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும்போதுதான்.

மூன்றாவது: கூட்டாளியைத் தேடுவது

தேட இடங்கள் உண்டு. வயது வந்தோர் கல்விக்கான ஐரோப்பிய இணையத்தளம் எப்பாலே. அதில் கூட்டாளி தேடும் பகுதி இருக்கிறது. எராஸ்மஸ் பிளஸ் திட்ட முடிவுகளின் தளத்தில் பழைய திட்டங்களைப் புரட்டினால், உங்கள் விஷயத்தை ஏற்கெனவே தொட்டவர்கள் கிடைப்பார்கள். தேசிய முகமைகள் நடத்தும் தொடர்புக் கருத்தரங்குகள் இன்னும் மேல். ஒரு மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்தால் ஒருவரோடு வேலை செய்ய முடியுமா என்று தெரிந்துவிடும்.

கண்டுபிடித்தவரிடம் நான் முதலில் கேட்பது: உங்களிடம் கற்பவர்கள் இருக்கிறார்களா? திட்டம் எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. அவர்களில் திறமைசாலிகளும் உண்டு, அறிக்கை நேரத்துக்கு வரும். ஆனால் சோதனைப் பயிற்சி நடத்தும் நாள் வரும்போது அவர்கள் வேறொரு மையத்தில் பத்துப் பேரைக் கடன் கேட்டுப் போவார்கள். மூன்றில் ஒருவர் அப்படி இருந்தால் சமாளிக்கலாம். மூவரும் அப்படி இருந்தால் அந்தத் திட்டத்தில் ஆளே இருக்காது.

தொழிற்பயிற்சி என்றால் முதலாளிகளை மறந்துவிடாதீர்கள். மானியம் பெறாமல் துணைக்கு நிற்கும் இணை கூட்டாளி என்று ஓர் இடம் உண்டு. ஒரு தொழில் நிறுவனமோ தொழிற்சங்கமோ கைவினைஞர் சபையோ அதில் வரலாம். கணக்குத் தொல்லை இல்லை என்பதால் சம்மதிக்கிறார்கள்.

நான்காவது: முதல் அழைப்பு

கூட்டாளிகள் எல்லாரும் இணையத்தில் சேர்ந்து பேசும் முதல் அழைப்பு இது. இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாத் திட்டத்திலும் மிகவும் அவசரமாக முடிக்கப்படுவது இதுதான். பின்னால் வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் இங்கே கேட்காமல் விட்ட கேள்வியிலிருந்து வருகின்றன.

தொழிற்பயிற்சியில் நாட்டுக்கு நாடு முறை எவ்வளவு வேறு என்பதைப் பாருங்கள். ஜெர்மனியின் இரட்டை முறையில் பழகுநர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்பவர். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்கு வருவார், மற்ற நாள் நிறுவனத்தில். பள்ளி அவரை நினைத்தபடி ஒரு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நிறுவனம் விட வேண்டும். டென்மார்க்கில் பள்ளிக் காலமும் நிறுவனக் காலமும் பல வாரத் துண்டுகளாக மாறி மாறி வரும். பிரான்சில் தொழிற்கல்வியில் பெரும்பகுதி பள்ளியில், இடையிடையே வேலையிடத்தில் சில வாரங்கள். "மார்ச்சில் ஒரு வாரம் மாணவர்கள் கூடுவார்கள்" என்ற ஒரு வரிக்கு இந்த மூன்று நாட்டிலும் மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

அழைப்பில் ஆளுக்கு ஒரு வெற்றுத் தாள் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நான் ஒரு சொல்லைச் சொல்ல, ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் அது யார் அல்லது எது என்று இரண்டு வரி எழுதிப் படிக்க வேண்டும். கற்பவர், பயிற்றுநர், பாடநெறி, சான்றிதழ், முடிந்தது. ஐந்தே சொற்கள். 'சான்றிதழ்' என்றால் ஒருவருக்கு அரசு முத்திரை வைத்த தகுதி, இன்னொருவருக்கு நாங்களே அச்சடித்துக் கொடுக்கும் வருகைத் தாள். இங்கே ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்தின் 8 நிலைகள் கைகொடுக்கும்: நாம் பேசுவது எந்த நிலை என்று கேட்டால் பேச்சு தரைக்கு வந்துவிடும். 'முடிந்தது' என்ற சொல்லைக் கேட்காமல் விடாதீர்கள். பாடக் கையேடு எழுதியானால் முடிந்ததா, பத்துப் பேர் அதில் படித்தால் முடிந்ததா, நிறுவனம் அடுத்த ஆண்டும் அதை நடத்தினால் முடிந்ததா?

அதே அழைப்பில் இன்னும் சில:

- யார் ஒருங்கிணைப்பது? ஆசை இருப்பவரா, ஆள் இருப்பவரா?
- உங்கள் பக்கம் இதில் வேலை செய்யப்போவது யார், அவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பெயரோடு வேண்டும். "எங்கள் குழு" என்ற பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்.
- பணம் தவணையாக வரும். இடையில் சம்பளத்தைக் கையிலிருந்து போட முடியுமா?
- பொது மொழி எது? அதில் பேசத் தயங்குபவர் யார்?

கடைசிக் கேள்வியைத் தனியாக, அழைப்பு முடிந்த பிறகு கேட்பது நல்லது. எல்லார் முன்னாலும் யாரும் கை தூக்க மாட்டார்கள். வேலை தெரிந்தவர் மொழி தயக்கத்தால் இரண்டாண்டு வாய் திறக்காமல் இருப்பதும், மொழி தெரிந்தவர் சொன்னதே முடிவாகிப் போவதும் இந்தத் திட்டங்களில் அடிக்கடி நடக்கிற அநியாயம். அவருக்கு முன்கூட்டியே கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பதிலை அவர் மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது, சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது: விண்ணப்பம்

பதிவு வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத் தளங்களுக்குள் நுழைய ஈயூ லாகின் கணக்கு வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓஐடி என்ற அடையாள எண் வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு எண் வாங்கிவிடாதீர்கள், பழையது யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். முதலில் தேடிப் பாருங்கள்.

பெரிய வகையில் வேலையைப் பணித் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நோக்கம், செயல்கள், பொறுப்பு நிறுவனம், விளைவு, அளவுகோல், தொகை. நிர்வாகம் ஒரு தனித் தொகுதி. மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு சேர்த்து ஐந்து தொகுதிக்கு மேல் வேண்டாம் என்பது வழிகாட்டியின் யோசனை. நான் நான்கோடு நிறுத்துவேன். சிறு கூட்டுத் திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை, செயல்களைப் பட்டியலிட்டுத் தொகை போட்டால் போதும்.

மானியம் தவணையாக வந்தாலும், அது முன்பே குறித்த ஒரு மொத்தத் தொகை என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒவ்வொரு ரசீதையும் காட்டி வாங்கும் பணமில்லை. சொன்ன வேலையைச் சொன்ன தரத்தில் செய்தீர்களா என்பதுதான் கேள்வி. செய்யாவிட்டாலோ தரம் தாழ்ந்தாலோ தொகை வெட்டப்படும். அதனால் விண்ணப்பத்தில் எழுதும் ஒவ்வொரு எண்ணும் ஒரு வாக்கு. "300 பேருக்குப் பயிற்சி" என்று எழுதக் கை துறுதுறுக்கும். 300 பேரை எங்கே, எந்த மாதத்தில், யார் வகுப்பெடுத்து? மூன்று நாட்டில் தலா இரண்டு குழு, குழுவுக்குப் பன்னிரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் 72 வருகிறது. பெரியவர்கள் வகுப்பில் பாதியில் நின்றுபோவோர் உண்டு. 50 பேர் முடிப்பார்கள் என்று எழுதுங்கள். எப்படி அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஒத்துழைப்புக் கூட்டுத் திட்டத்துக்கு 100 மதிப்பெண்: பொருத்தம் 25, திட்டமிடலும் செயல்படுத்தலும் 30, கூட்டாளிகளும் அவர்களது ஏற்பாடும் 20, தாக்கம் 25. மொத்தத்தில் 60 வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் பாதியாவது வேண்டும். தாக்கம் பகுதியைக் கடைசி இரவில் எழுதுவதால் பலர் அங்கே சறுக்குகிறார்கள். 60 வாங்கினாலே பணம் உறுதி என்றும் இல்லை, நிதி இருக்கும்வரை தரவரிசைப்படிதான்.

எழுதும்போது ஒருவர் எழுத, மற்றவர்கள் தங்கள் பகுதியைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் ஐந்து பாணியில் எழுதி ஒட்டியது படிக்கும்போதே தெரியும். வேறொருவரின் பழைய விண்ணப்பத்திலிருந்து நகலெடுப்பது விதிக்கே விரோதம், தள்ளுபடியாகும். முடிந்த வரைவைத் திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் யாருக்கு என்ன நடக்கப்போகிறது?" என்று கேளுங்கள். அவரால் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் எழுத்தில்தான் குறை.

கடைசி வாரம்

தங்கள் சார்பில் ஒருங்கிணைப்பு நிறுவனம் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் அதிகாரப் பத்திரத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் கையெழுத்துப் போட வேண்டும். போட வேண்டியவர் சட்டப்படி நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் உரிமை உள்ளவர், உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் திட்டப் பணியாளர் இல்லை. ஒரு முறை ஒரு கூட்டாளியின் தலைவர் மலையேறப் போய்விட்டார், தொலைபேசி எட்டவில்லை. பத்திரம் வந்தது கடைசி நாள் காலை பத்தேகாலுக்கு. அன்று என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பத்திரங்களை மூன்று வாரத்துக்கு முன்பே கேட்கிறேன்.

காலக்கெடு, வழக்கமாக மார்ச் மாதத்தில், பிரஸ்ஸல்ஸ் நேரப்படி பகல் 12 மணி. பின்லாந்தில் அது 1 மணி, போர்ச்சுகலில் 11. நள்ளிரவு என்று நினைத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தவர்கள் உண்டு. முதல் நாளே அனுப்பிவிடுங்கள். நேரம் இருக்கும்போது திருத்தி மறுபடியும் அனுப்பலாம். ஒரே கூட்டணி ஒரே விண்ணப்பத்தை இரண்டு முகமைக்கு அனுப்பக்கூடாது.

பணம் வந்த பிறகு

முடிவு வரப் பல மாதம் ஆகும். அதற்குள் ஆள் மாறியிருப்பார்கள். தொடக்கக் கூட்டத்தில் விண்ணப்பத்தை எல்லாரும் படித்திருப்பார்கள் என்று எண்ணாதீர்கள். புதிதாக வந்தவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். முதல் அழைப்பின் அந்த ஐந்து சொற்களை மறுபடியும் செய்யுங்கள்.

ஒருங்கிணைப்பு நிறுவனத்துக்கும் கூட்டாளிகளுக்கும் இடையே உள் ஒப்பந்தம் வேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்தத் தவணையில், எதைக் காட்டிய பிறகு. வேலை நடக்காவிட்டால் என்ன. ஒருவர் விலகினால் என்ன. உருவாக்கிய பாடப் பொருள் யாருடையது. மானியத்தில் உருவாகும் கல்விப் பொருட்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதை முன்பே சொல்லிவிடுங்கள். தன் பயிற்சிப் புத்தகத்தைப் பணத்துக்கு விற்றுவரும் நிறுவனம் இதைப் பாதியில் கேட்டால் அதிர்ந்துபோகும்.

கூட்டக் குறிப்பு மூன்று நாளுக்குள் போக வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பேச்சு முழுவதையும் எழுத வேண்டியதில்லை. முடிவு என்ன, யார் செய்வார், எந்தத் தேதிக்குள். முடிவுகளுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருங்கள். பதினெட்டாவது மாதத்தில் "நாம் ஏன் இதை விட்டோம்?" என்று யாரோ கேட்கும்போது அந்தப் பட்டியல் ஒரு மணி நேர வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு கூட்டாளியோடும் தனியாகப் பேசுங்கள், பத்து நிமிடம் போதும். எல்லாரும் இருக்கும் அழைப்பில் "எல்லாம் சரியாகப் போகிறது" என்பவர், தனியாகக் கேட்டால் "எங்கள் பயிற்றுநர் வேலையை விட்டுவிட்டார்" என்பார். சீக்கிரம் தெரிந்தால் முகமையிடம் மாற்றம் கேட்கலாம். தேதி மாற்றம், ஆள் மாற்றம் எல்லாம் நடக்கிற விஷயம்தான். மறைத்து வைத்தால்தான் பிரச்சினை.

ஆட்கள் பயணம் போகும்போது

ஊழியர்கள் போவதற்கும் கற்பவர்கள் போவதற்கும் நிறைய வித்தியாசம். முதன்முதலாக விமானம் ஏறுபவர் இருப்பார். அகதியாக வந்து பயண ஆவணம் வைத்திருப்பவர் இருப்பார். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஒரு ஷெங்கன் நாட்டின் வதிவிட அனுமதி கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். ஆனால் அயர்லாந்தும் துருக்கியும் ஷெங்கனில் இல்லை. கூட்டம் அங்கே என்றால் விசா வேண்டுமா என்பதை ஆள் தேர்ந்தெடுக்கும் முன்பே பாருங்கள். பேர் கொடுத்து, விடுப்பு எடுத்து, வீட்டில் சொல்லிவிட்டு, கடைசியில் ஆவணத்தால் நின்றுபோனவரின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம். அடுத்த வாரம் அவர் வகுப்புக்கே வராமல் போகலாம்.

பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். "முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு தருகிறோம்" என்பது சம்பளம் வாங்குபவருக்குச் சரி. மாதக் கடைசியில் கையில் எதுவும் இல்லாதவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "எனக்கு வர விருப்பமில்லை" என்று சொல்லிவிடுவார். அதை நாம் ஆர்வமின்மை என்று குறித்துக்கொள்வோம். பிள்ளைகள் பராமரிப்பு, மருந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, தனி அறை தேவையா என்பதெல்லாம் ஒரு சின்னத் தாளில் கேட்டால் போதும். எழுதத் தயங்குபவரிடம் நேரில் கேளுங்கள்.

பதிவு வைப்பது

மொத்தத் தொகை என்பதால் பதிவு வேண்டாம் என்று அர்த்தமில்லை. நடந்தது என்று காட்ட வருகைப் பட்டியல், நிகழ்ச்சி நிரல், படங்கள், பாடப் பொருளின் வரைவுகள், கற்பவர்களின் கருத்து எல்லாம் வேண்டும். நிகழ்ச்சி நடக்கும் அன்றே கோப்புறையில் போடுங்கள். கோப்பின் பெயரில் தேதி, நாடு, பணித் தொகுதி எண் மூன்றும் இருக்கட்டும்.

படம் எடுக்கும் முன் சம்மதம். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி அதைக் கேட்கிறது. அதைவிட, எழுத்தறிவு வகுப்புக்கு வருவது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சம்மதப் படிவத்தை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். கைகளை மட்டும் எடுத்த படம் எந்த அறிக்கைக்கும் போதும்.

முடிக்கும்போது

திட்டம் முடிந்து 60 நாளுக்குள் இறுதி அறிக்கை போக வேண்டும். முடிவுகளை எராஸ்மஸ் பிளஸ் திட்ட முடிவுகளின் தளத்தில் ஏற்ற வேண்டும்; வெளியிடும் எல்லாவற்றிலும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் நிதியுதவிக் குறிப்பும் இருக்க வேண்டும். அறிக்கையையும் மதிப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். நடக்காததை நடக்கவில்லை என்று எழுதி, ஏன் என்றும் அதற்குப் பதில் என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள். ஆவணங்களைக் கடைசித் தவணை வந்த பிறகு 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மானியம் 60,000 யூரோவைத் தாண்டவில்லை என்றால் 3 ஆண்டு. ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள்.

கடைசிக் கூட்டத்தில் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து ஒரு நாள். அன்று கூட்டாளிகள் மூவரும் அரை மணி நேரம் அழைப்பில் வந்து, அந்த வகுப்பு இன்னும் நடக்கிறதா, அந்தப் பாடக் கையேட்டை யார் பயன்படுத்துகிறார்கள், கிடங்கில் வேலை செய்யும் அந்தப் பெண் இப்போது பாதுகாப்புத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாரா என்று சொல்ல வேண்டும். மானியம் இல்லை, அறிக்கை இல்லை. அந்த அழைப்புக்கு வந்த நிறுவனங்களோடுதான் நான் அடுத்த விண்ணப்பத்தை எழுதியிருக்கிறேன்.